கிரீட் தீவை ஒரே வாரத்தில் சுற்றிவிடலாமா?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் ஏழு இரவுகள் தங்கப் போகிறோம். நான், கணவர், பதினான்கு வயது மகள், எட்டு வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார் என ஐந்து பேர். மாமியார் சைவம். ஹெராக்லியான் விமான நிலையத்தில் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் இறங்கி, அங்கேயே வாடகைக் கார் எடுத்து, கிழக்கே சிதியா, வாய் கடற்கரை, தெற்கே மதாலா, மேற்கே எலபோனிசி, பாலோஸ், சமாரியா பள்ளத்தாக்கு என்று தீவையே ஒரு சுற்றுச் சுற்றிவர என் கணவர் திட்டம் போட்டிருக்கிறார். திரும்பும் விமானமும் ஹெராக்லியானிலிருந்துதான். "ஊட்டிக்கு எத்தனை முறை ஓட்டியிருக்கிறேன்" என்கிறார். எனக்கோ வலப்பக்கம் ஓட்டும் நாடு, மலைச்சாலை என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. பேசாமல் சுற்றுலா பஸ்ஸில் போய்விடலாமா? இதைப் பற்றி வீட்டில் தினமும் வாக்குவாதம்.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கார் எடுப்பதில் உங்கள் கணவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தத் திட்டத்தைப் பற்றிய உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. காரை வைத்துக்கொள்ளுங்கள், திட்டத்தை மாற்றுங்கள்.

பஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. கிரீட்டில் வடக்குக் கரை நகரங்களுக்கு இடையே பஸ்கள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் முழங்கால் வலியுள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு குழுவோடு போனால், வழிகாட்டி சொல்லும் நேரத்திற்கு ஏற வேண்டும், இறங்க வேண்டும், நடக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கு வேண்டியது, நினைத்த இடத்தில் நிறுத்தி, வலித்தால் உட்கார்ந்து, போதும் என்றால் திரும்பிவிடும் வசதி. அதைக் கார்தான் தரும்.

திட்டத்திற்கு வருவோம். வரைபடத்தில் கிரீட் ஒல்லியாகத் தெரியும். கிழக்கு மேற்காக அதன் நீளம் சுமார் 260 கிலோமீட்டர். கோவையிலிருந்து திருச்சி தாண்டிக் கொஞ்ச தூரம் என்று உங்கள் கணவர் கணக்குப் போட்டிருப்பார். ஆனால் நடுவே மலைத்தொடர் முதுகெலும்பாக ஓடுகிறது. சிலோரிதி சிகரத்தின் உயரம் 2,456 மீட்டர். மேற்கே வெள்ளை மலைகளும் ஏறக்குறைய அதே உயரம். தெற்கே இந்த மலைகள் பல இடங்களில் நேராகக் கடலில் இறங்குவதால், தென்கரை நெடுகத் தொடர்ச்சியான சாலை கிடையாது. ஒரு தென்கரை ஊரிலிருந்து அடுத்ததற்குப் போக, மலையேறி உள்ளே வந்து மறுபடி இறங்க வேண்டியிருக்கும். அதனால் அங்கே கிலோமீட்டரை நம்ப வேண்டாம், மணிக்கணக்கைப் பாருங்கள். கானியா நகரிலிருந்து எலபோனிசிக்கு 75 கிலோமீட்டர்தான். ஒன்றரை மணி நேரத்திற்குக் குறையாது, வழியில் நின்றால் இரண்டாகும். தீவு முழுவதும் ஏழு நாளில் என்றால், குழந்தைகள் பின்சீட்டிலும் மாமியார் வலியிலும்தான் கிரீட்டைப் பார்ப்பார்கள்.

ஆகவே கிழக்கை விட்டுவிடுங்கள். சொல்ல எனக்கே மனமில்லை. 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த ஸ்பினலோங்கா தீவும், வாய் கடற்கரையின் பேரீச்சைத் தோப்பும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் உங்கள் ஐவருக்கும் மேற்கே பொருத்தம். ஹெராக்லியானில் இரண்டு இரவு, கானியாவில் நான்கு, திரும்பும் வழியில் ரெதிம்னோவில் ஒன்று.

முதல் இரண்டு நாள் கார் எடுக்கவே வேண்டாம். நீண்ட விமானப் பயணம் முடிந்து, தூக்கக் கலக்கத்தில், இருட்டில், பழக்கமில்லாத பக்கத்தில் முதன்முதலாக ஓட்டுவதைப் போல ஆபத்து வேறில்லை. டாக்ஸியில் விடுதிக்குப் போய்த் தூங்குங்கள். கிரீட்டின் வெண்கலக் கால மக்களான மினோவர்களின் க்னோசோஸ் அரண்மனை நகருக்குத் தெற்கே ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது, நகரப் பேருந்தே போகிறது. ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900இல் அகழ்வைத் தொடங்கி, பல பகுதிகளை கான்கிரீட்டில் எழுப்பியும் வண்ணம் பூசியும் வைத்தார். அது சரியா என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். குழந்தைகளுக்கு அந்தச் சிவப்புத் தூண்கள் பிடிக்கும். காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள், நிழல் குறைவு. ஹெராக்லியான் அருங்காட்சியகத்திற்கு அரை நாளாவது கொடுங்கள். 1908இல் பைஸ்டோஸ் என்ற இன்னொரு மினோவ அரண்மனையில் கிடைத்த களிமண் தட்டு அங்கே இருக்கிறது. இருபுறமும் சுழலாக முத்திரை பதித்த அந்த எழுத்தை இதுவரை யாராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை. உங்கள் மகளை அதன் முன் சற்று நேரம் நிற்க விடுங்கள்.

மூன்றாம் நாள் காலை, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, காரை எடுங்கள். கண்டிப்பாகத் தானியங்கி கியர் வண்டி. அங்கே அவை குறைவு, வாடகையும் கூடுதல், அதனால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில், சாலை வலப்பக்கம் என்று மூன்றும் ஒரே நாளில் மாறும்போது, ஒன்றையாவது குறைத்துக்கொள்வது நல்லது. பையனின் உயரத்திற்கேற்ற குழந்தை இருக்கையையும் முன்கூட்டியே கேளுங்கள். ஐந்து பேர் என்பதால் மிகச் சிறிய வண்டி மலையேற்றத்தில் திணறும், பெரிய வண்டி கிராமத்துச் சந்துகளில் சிக்கும். நடுத்தர வண்டி எடுத்து, பெட்டிகளைக் குறையுங்கள்.

ஊட்டிச் சாலையில் ஓட்டியவருக்குக் கொண்டை ஊசி வளைவுகள் புதிதல்ல. அந்தத் திறமை அங்கே உண்மையாகவே உதவும். தவறு நேர்வது பெரும்பாலும் வளைவில் அல்ல. காலியான சாலையில், பெட்ரோல் போட்டுவிட்டோ சாப்பிட்டுவிட்டோ வண்டியைக் கிளப்பும் அந்த முதல் திருப்பத்தில்தான் கை பழைய வழக்கப்படி இடப்பக்கம் போகும். இன்னொன்று, இடப்பக்க இருக்கைக்குப் பழகாதவர்கள் தங்களை அறியாமலே வலது ஓரத்திற்குச் சாய்ந்து, வலப்புறச் சக்கரத்தை ஓரக்கல்லில் உரசுவார்கள். இரண்டுக்கும் மருந்து நீங்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது என்று முதலிலேயே அவரிடம் உறுதி வாங்கிவிடுங்கள். பள்ளத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும் இறக்கங்களில் மட்டும் நீங்கள் இடது பின்சீட்டுக்குப் போய், மகளை முன்னால் உட்கார வையுங்கள். வலப்பக்கம் உட்காருபவருக்குத்தான் ஓரம் நேராகத் தெரியும்.

வடக்குக் கரையின் பிரதான சாலையில் ஒரு விசித்திரம் உண்டு. பல இடங்களில் ஒரு திசைக்கு ஒரே தடம்தான், ஆனால் ஓரத்தில் அகலமான பட்டை இருக்கும். உள்ளூர்க்காரர்கள் பாதி வண்டியை அந்தப் பட்டையில் ஓட்டி, பின்னால் வருபவருக்கு வழிவிடுவார்கள். உங்களிடமும் அதையே எதிர்பார்த்து நெருக்கிக்கொண்டு வருவார்கள். பட்டை திடீரென முடியும், வளைவுக்கு அப்பால் வண்டி நின்றுகொண்டும் இருக்கும். முன்னால் தெளிவாகத் தெரியும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து ஒதுங்குங்கள், மற்ற இடத்தில் அவர்கள் காத்திருக்கட்டும். வளைவுகளில் சின்னக் கோயில் போன்ற பெட்டிகள் கம்பத்தின் மேல் நிற்கும். விபத்தில் இறந்தவர்கள் நினைவாகவும், உயிர் தப்பியவர்கள் நன்றியாகவும் வைப்பவை அவை. அவற்றைப் பார்த்த இடத்தில் வேகத்தைக் குறைத்தால் போதும், பயப்பட வேண்டாம். மலைச்சாலையில் ஆடுகள் படுத்திருக்கும். அதனால் இருட்டுவதற்குள் விடுதி திரும்பிவிடுங்கள்.

கானியா போகும் வழியில், ரெதிம்னோவுக்குத் தென்கிழக்கே ஆர்காடி மடம். 1866 நவம்பரில் ஒட்டோமான் படை சூழ்ந்தபோது, உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் சரணடையாமல் வெடிமருந்து அறைக்குத் தீ வைத்தார்கள். கூரையில்லாத அந்த அறை அப்படியே இருக்கிறது. நடை அதிகமில்லை, மாமியாரும் பார்க்கலாம்.

கானியாவிலிருந்து ஒரு நாள், நகருக்குத் தெற்கே தெரிசோ பள்ளத்தாக்கு. இதை மாமியாருக்காகவே சொல்கிறேன். சமாரியா 16 கிலோமீட்டர் கல்லும் முள்ளுமான இறக்கம், முடியும் இடத்தில் சாலையே இல்லை, படகில்தான் வெளியே வர வேண்டும். கார் மேலேயே நின்றுவிடும். தெரிசோவில் பாறைச் சுவர்களுக்கு நடுவே சாலையே போகிறது, இருக்கையை விட்டு எழாமல் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். பின்னாளில் கிரீஸின் பிரதமரான வெனிசெலோஸ் 1905இல் கிளர்ச்சிக்குத் தளமாக்கிய கிராமம் அது. அதே நாளில் மேற்கே வூவெஸ் கிராமத்தின் ஒலிவ மரத்தையும் பார்த்துவிடுங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்கிறார்கள், இன்றும் காய்க்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெற்றியாளர்களுக்குச் சூட்ட அதன் கிளையையும் வெட்டினார்கள்.

இன்னொரு நாள் தெற்கே ஸ்பாகியா. வ்ரிசெஸ், அஸ்கிபு வழியாக ஏறி, இம்ப்ரோஸ் தாண்டியதும் லிபியக் கடல் மொத்தமாக எதிரே விரியும். அங்கிருந்து கரை வரை கொண்டை ஊசிகள். உங்கள் கணவர் ஆசைப்படும் ஓட்டம் இதுதான், அவருக்கு இதை விட்டுக்கொடுங்கள். 1941 மே மாதக் கடைசியில் தோற்றுப் பின்வாங்கிய நேச நாட்டுப் படையினர் ஆயிரக்கணக்கில் இந்த மலைவழியே நடந்து வந்து ஸ்பாகியாவில் கப்பலேறினார்கள். நடக்க ஆசைப்பட்டால் அவரும் மகளும் 8 கிலோமீட்டர் இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கில் இறங்கட்டும், கீழேயிருந்து டாக்ஸியில் மேலே திரும்பி வந்து உங்களைச் சேரலாம். அதுவரை நீங்கள் மூவரும் மேலே கிராமத்து உணவகத்தில் இருங்கள். பிறகு எல்லோருமாக ப்ராங்கோகாஸ்தெல்லோ கோட்டைக்குப் போங்கள். முன்னால் கடல் வெகுதூரம் முழங்காலளவுதான், பையன் ஆடலாம்.

எலபோனிசிக்குத் தனி நாள். காலை ஒன்பதுக்குள் அங்கே இருந்தால் நிறுத்த இடமும் அமைதியும் கிடைக்கும். கிளிஞ்சல் தூளால் இளஞ்சிவப்பாகத் தெரியும் அந்த மணலை எடுத்துவரத் தடை. பாலோஸுக்குக் காரில் வேண்டாம். கடைசி 8 கிலோமீட்டர் மண்சாலை, பல வாடகை நிறுவனங்களின் காப்பீடு அதில் செல்லாது, நிறுத்திய பிறகும் நீண்ட படியிறக்கம். கிஸாமோஸ் துறையிலிருந்து படகு போகிறது.

காப்பீடு என்றதும் ஒன்று. "முழுக் காப்பீடு" என்று எழுதியிருந்தாலும் கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பகுதி சேர்ந்திருக்கின்றனவா, விபத்தானால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும், கடன் அட்டையில் எவ்வளவு முடக்குவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது சுற்றிலும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரின் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பார்லி ரொட்டியின் மேல் தக்காளியும் சீஸும் வைத்த டாகோஸ், வேகவைத்த காட்டுக்கீரை, பெரிய வெள்ளை அவரை, காய்கறி வேகவைத்த பிரியாம் எங்கும் கிடைக்கும். அரிசி அடைத்த தக்காளியில் சில இடங்களில் இறைச்சி கலப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். சாப்பாடு முடிந்ததும் ராக்கி என்ற சாராயத்தை அன்போடு இலவசமாக வைப்பார்கள். ஓட்டுபவர் தொடவே கூடாது.

இந்திய உரிமம் மட்டும் அங்கே போதாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் வாங்க வேண்டும், ஓராண்டு செல்லும். உங்களுக்கும் உரிமம் இருந்தால் நீங்களும் ஒன்று வாங்கி, இரண்டாவது ஓட்டுநராகப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் பயணம் நிற்காது. அவசர உதவிக்கு எண் 112.