கடுமையான ஆசிரியர், மாணவரின் படிப்பு: கேள்வி பதில்

கற்றல், நினைவாற்றல், தவறைத் திருத்தும் முறை, வகுப்பை நடத்துவது ஆகியவை பற்றிக் கேளுங்கள். சட்டமும் மருத்துவமும் என் துறை இல்லை.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மா): வீட்டில் கணக்கு சரியாகப் போடுகிறாள். வகுப்பில் பலகைக்குக் கூப்பிட்டால் கூட்டல்கூட வரவில்லை. ஆசிரியர் எல்லோர் முன்னாலும் "இதுகூடத் தெரியாதா" என்று கத்துகிறார். இவளுக்கு நினைவாற்றல் குறைவா சார்?

பதில்: நினைவாற்றல் குறைவு என்றால் வீட்டிலும் தடுமாறுவாள். மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியவை மிகக் குறைவு, ஏறக்குறைய நான்கு விஷயங்கள். 47-ஐயும் 38-ஐயும் மனக்கணக்காகக் கூட்டினால் இரண்டு எண்கள், ஒன்றாம் இடத்துக்கு வந்த 5, மீதி 1 என்று அந்த இடம் நிரம்பிவிடும். "இப்போது கத்துவாரோ, பின்னால் யார் சிரிக்கிறார்கள்" என்ற நினைப்புக்கும் அதே இடம்தான் வேண்டும். முதலில் நழுவுவது அந்த மீதி 1. ஆஷ்கிராஃப்டும் கிர்க்கும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சில எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டே மீதி வரும் கூட்டல்களைப் போடச் சொன்னார்கள். கணக்குப் பயம் அதிகமுள்ளவர்களிடம்தான் பிழைகள் மிகவும் கூடின.

ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். "ஏன் கத்துகிறீர்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "முதலில் நோட்டில் போட்டுவிட்டு, அதைப் பார்த்துப் பலகையில் எழுதட்டும், இரண்டு வாரம் பார்க்கலாம்" என்று ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள். மகளிடம், மீதியை மனத்தில் வைக்காமல் மேலே எழுதிவிடச் சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாமல் நிதானமாகப் போடும்போதும் அதே பிழை வந்தால், பாடமே புரியவில்லை என்று பொருள். அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேள்வி (புதிய ஆசிரியை): முதல் பருவம் முடியும்வரை சிரிக்கவே கூடாது, அப்போதுதான் வகுப்பு அடங்கும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சிரிப்பது உங்கள் விருப்பம். வகுப்பை அடக்குவது வழக்கங்கள். மூன்று விதிகளுக்கு மேல் வைக்காதீர்கள். மீறினால் என்ன நடக்கும் என்பது சிறியதாகவும், உடனே நடப்பதாகவும், தவறாமல் நடப்பதாகவும் இருக்கட்டும். வேலையை முடிக்காதவர் இடைவேளையில் பத்து நிமிடம் உட்கார்ந்து முடிக்க வேண்டும் என்றால், முதல் மதிப்பெண் வாங்கும் மாணவிக்கும் அதேதான். செய்ய முடியாத மிரட்டல் ஒன்றைச் சொன்னால், அடுத்த பத்து மிரட்டல்களுக்கும் மதிப்பு போய்விடும்.

ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அவர் மேசைக்கு அருகில் போய், தாழ்ந்த குரலில், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "நோட்டைத் திற, மூன்றாவது கணக்கு." எல்லோர் முன்னாலும் வேண்டாம். பார்க்க ஆட்கள் இருந்தால் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எதிர்த்துப் பேசுவார், இல்லையென்றால் ஒடுங்கிப்போவார். அலாஸ்காவின் பழங்குடி மாணவர்களுக்குக் கற்பித்தவர்களை ஆராய்ந்து ஜூடித் கிளைன்ஃபெல்ட் 1975-இல் எழுதியதை நான் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன்: அன்பாகப் பழகி, அதே சமயம் வேலையில் விட்டுக்கொடுக்காதவர்களிடம்தான் அந்த மாணவர்கள் நன்றாகக் கற்றார்கள்.

கேள்வி: தப்பான விடையை ஐம்பது முறை இம்போசிஷன் எழுத வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நான்காவது முறையிலிருந்து கை மேல்வரியைப் பார்த்து எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். சிலர் முதலில் ஐம்பது வரிக்கும் ஒரே சொல்லை எழுதி, பிறகு அடுத்த சொல்லுக்கு வருவார்கள். நினைவிலிருந்து எடுக்கும் முயற்சி நடந்தால்தான் பாடம் நிற்கும். சரியான விடையைப் பார்த்து, மூடி, பார்க்காமல் எழுதி, திறந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். இன்று மூன்று முறை, நாளை ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை போதும். ரோடிகர், கார்பிக்கி 2006-இல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மட்டும் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். அதனால்தான் அன்றைக்கே கேட்டுப் பார்க்கும் ஆசிரியர் ஏமாந்துபோகிறார்.

கேள்வி (அப்பா): பள்ளி நாட்களில் மட்டும் காலையில் மகனுக்கு வயிற்றுவலி. தூக்கமும் இல்லை.

பதில்: முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். விடுமுறையில் வலி இல்லை என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதே வாரத்தில் வகுப்பாசிரியரையும் பாருங்கள்.

கேள்வி: அடித்தால்தான் படிப்பான் என்கிறார் என் மாமனார். உண்மையா?

பதில்: தண்டனை ஒரு செயலைத் தற்காலிகமாக அடக்கும். தண்டிப்பவர் அறையில் இல்லாதபோது அது திரும்பி வரும். பெருக்கல் வாய்பாடு தெரியாத பிள்ளைக்கு அடி எதையும் கற்றுத்தருவதில்லை, தெரியவில்லை என்பதை மறைக்க மட்டுமே கற்றுத்தருகிறது.

கேள்வி (நீண்டகால ஆசிரியர்): பாராட்டினால் அடுத்த தேர்வில் இறங்குகிறான், திட்டினால் ஏறுகிறான். வருடக்கணக்காகக் கண்ணால் பார்க்கிறேன். ஆராய்ச்சி எதற்கு?

பதில்: நீங்கள் பார்த்தது நிஜம். காரணம்தான் வேறு. இதையே உளவியலாளர் டேனியல் கானமனிடம் விமானப் பயிற்சியாளர் ஒருவர் சொன்னார்: நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் முன்னேறுகிறான் என்று. வழக்கமாக 60 எடுப்பவர் சில தேர்வுகளில் 50, சிலவற்றில் 70 எடுப்பார். வினாத்தாள், தூக்கம், அன்றைய உடல்நிலை எல்லாம் சேர்ந்து அப்படி ஆக்கும். 50 எடுத்த அன்று திட்டுகிறீர்கள். அடுத்த முறை அவர் 60 பக்கம் வருவார், நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் வருவார். 70 எடுத்த அன்று பாராட்டுகிறீர்கள், அடுத்த முறை இறங்குவார். திட்டுக்குப் பரிசும் பாராட்டுக்குத் தண்டனையும் கிடைத்ததுபோல உங்களுக்குத் தோன்றும்.

அதே ஆசிரியர்: அப்படியென்றால் நாங்கள் செய்வது எதற்குமே பலன் இல்லையா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. உங்கள் பழைய மதிப்பெண் பதிவேட்டை எடுங்கள். தன் சராசரியைவிட 10 மதிப்பெண் குறைந்தவர்களைக் குறியுங்கள். அவர்களில் நீங்கள் விடுப்பில் இருந்ததால் திட்டு வாங்காதவர்களின் அடுத்த மதிப்பெண்ணைப் பாருங்கள். அவர்களும் ஏறியிருந்தால், அந்த ஏற்றத்தைத் திட்டின் கணக்கில் எழுத முடியாது.

இன்னொருவர்: இடையில் வருகிறேன். பிரம்போடு நின்ற வாத்தியாரால்தான் எங்கள் தலைமுறை முன்னுக்கு வந்தது.

பதில்: அவரால் பாதியில் படிப்பை விட்டவர்கள் இங்கே வந்து பேசப்போவதில்லை. இன்னொன்று, அந்த வாத்தியார்களில் பலர் நோட்டைத் தினமும் பார்த்தார்கள், பாடத்தை ஆழமாக அறிந்திருந்தார்கள், ஒருவரையும் கைவிடவில்லை. படிப்பைக் கொடுத்தது அதுதான். பிரம்பு அதன் பக்கத்தில் இருந்தது.

நீண்டகால ஆசிரியர்: நானும் தினமும் நோட்டைப் பார்க்கிறேன். அதையும் விடச் சொல்வீர்களா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். அந்த நோட்டுகளில் ஒன்றைக் கவனியுங்கள். வகுப்பு நோட்டில் பிழையே இல்லாமல், தேர்வில் மட்டும் பிழை குவிந்தால், உங்களுக்குப் பயந்து பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். எது புரியவில்லை என்ற தகவல் உங்களிடம் வந்து சேரவே இல்லை. பயத்தால் ஆசிரியர் இழப்பதில் இதுவே பெரிது. ஒரு வாரம், ஒவ்வொரு வீட்டுப்பாடத்தின் கீழும் "சந்தேகம் வந்த வரி எது" என்று எழுதச் சொல்லுங்கள், அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். திருத்தும்போது ஆளை விட்டு வரியைப் பற்றி எழுதுங்கள்: "மூன்றாம் வரியில் கழித்தல் குறி மாறிவிட்டது." க்ளூகரும் டினிசியும் 1996-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்னூட்டங்கள் செயல்திறனைக் குறைத்திருந்தன. கவனம் வேலையிலிருந்து விலகி "நான் எப்படிப்பட்டவன்" என்பதில் போகும்போது பலன் குறைகிறது என்றார்கள். "சோம்பேறி" என்ற சொல் செய்வது அதைத்தான்.

கேள்வி: கொஞ்சம் பயம் நல்லது என்று யெர்க்ஸ், டாட்சன் நிரூபித்தார்களே?

பதில்: அந்த உளவியலாளர்கள் செய்தது 1908-இல், சுண்டெலிகளை வைத்து, மின்னதிர்ச்சி கொடுத்து. இரண்டு பெட்டிகளை வேறுபடுத்திப் பார்ப்பது எளிதாக இருந்தபோது அதிர்ச்சி கூடக்கூட வேகமாகக் கற்றன. கடினமானபோது, மிதமான அல்லது லேசான அதிர்ச்சியே சிறந்ததாக இருந்தது. வகுப்பறைக்கு அதிலிருந்து ஏதாவது எடுப்பதென்றால், பாடம் கடினமாகும்போது பயத்தைக் குறைக்க வேண்டும் என்றே எடுக்க முடியும்.

கேள்வி: கேள்வி கேட்டால் வகுப்பே ஊமையாகிறது. எழுப்பி நிற்க வைக்கலாமா?

பதில்: எல்லோர் முன்னாலும் வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேரி பட் ரோ ஆராய்ந்த வகுப்புகளில் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, மௌனம் குறைந்தது. மனத்துக்குள் நான்குவரை எண்ணுங்கள். அதன்பிறகு இருவர் இருவராகப் பேசச் சொல்லி, பிறகு கேளுங்கள்.

கேள்வி: சார், லேசாக ஓர் அடி அடித்தால் தப்பா?

பதில்: மேலே மாமனார் பற்றிய கேள்விக்குச் சொன்னதே பதில். இந்தக் கேள்வி எந்த வடிவத்தில் வந்தாலும் இனி எடுக்க மாட்டேன்.

கேள்வி: ஆசிரியர் மேல் புகார் எந்தப் பிரிவில் கொடுக்கலாம்?

பதில்: வழக்கறிஞரைக் கேளுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை இன்றே எழுதி வையுங்கள்.

கேள்வி (ஆசிரியை): நேற்று ஒரு மாணவனை எல்லோர் முன்னாலும் "உனக்கெல்லாம் படிப்பு எதற்கு" என்று சொல்லிவிட்டேன். இன்று தலை நிமிரவே இல்லை. என்ன செய்வது?

பதில்: நாளைக்குத் தள்ளாதீர்கள். தனியாக, இரண்டு நிமிடம்: "நான் அப்படிச் சொன்னது தவறு. அந்த விடையில் இரண்டாவது படி மட்டும்தான் பிழை. சேர்ந்து பார்க்கலாமா?" காரணம் அடுக்காதீர்கள், "ஆனால் நீயும்" என்று தொடராதீர்கள், சமாதானத்துக்காக மதிப்பெண் போடாதீர்கள். சொன்னது வகுப்பின் முன் என்பதால், தவறு உங்களுடையது என்று வகுப்பிலும் ஒரு வரி சொல்லுங்கள், அவன் பெயரை இழுக்காமல். அந்த வாரம் அவனுக்குத் தெரிந்த கேள்வி ஒன்றை அவனிடம் கேளுங்கள். முதல் முறை பதில் வராமல் போகலாம், நிற்க வைக்காமல் அடுத்தவரிடம் போய்விட்டு, இரண்டு நாள் கழித்து மீண்டும் கேளுங்கள்.