வெட்டுப்பட்ட மரம்: கேள்வி பதில்

கே: கொய்யாவில் பெரிய கிளையை வெட்டினோம். வெட்டுவாயில் பெயிண்ட் அடிக்கலாமா?

ப: வேண்டாம். பெயிண்ட் அழுகலைத் தடுக்காது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம் போல் ஒரு புடைப்பு இருக்கும். அதைச் சீவிவிடாமல், அதை ஒட்டி வெட்டுங்கள். மூடும் திசு அங்கிருந்துதான் வரும். மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை, மூடுகிறது.

கே: தார் பூசலாமா?

ப: பெயிண்டுக்குச் சொன்னதுதான்.

கே: ஆறாது என்கிறீர்கள். எங்கள் வேம்பில் பழைய வெட்டு தடமே தெரியாமல் போய்விட்டதே?

ப: அது மேல்பட்டை. நமக்குத் தோல் கிழிந்தால் செல்கள் நகர்ந்து வந்து மூடும். செடியின் செல் சுவருக்குள் அடைபட்டது, நகராது. அதனால் மரம் கெட்ட பகுதியை அரண் கட்டி ஒதுக்குகிறது. அங்கே போகும் குழாய்களைப் பிசின் போன்ற பொருள்களால் அடைக்கிறது. பிறகு பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதுச் செல்களை உருவாக்கும் மெல்லிய அடுக்கான கேம்பியம், விளிம்பிலிருந்து புதுக்கட்டையை உருட்டிக்கொண்டு வரும். இரண்டு உதடுகள் மெல்ல மூடுவது போல இருக்கும். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து, 1977இல் இதை விளக்கினார். உங்கள் வேம்புக்குள்ளும் அந்தப் பழைய வெட்டு அப்படியே இருக்கும்.

கே: (அவரே) அப்படியானால் ஒட்டுக்கட்டில் இரண்டு தண்டு ஒன்றாவது எப்படி?

ப: அங்கும் வெட்டுப்பட்ட செல்கள் செத்தவைதான். பக்கத்துச் செல்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகி, கேலஸ் என்ற மென்திசுவாகி இடைவெளியை நிரப்பும். அதற்குள் புதுக் குழாய்கள் உருவாகும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: இளம் வேர்நுனியில் நிஜமாகவே பழுது நடக்கிறது. ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் வேரில் லேசரால் ஒரு செல்லைக் கொன்றால், அதன் உட்பக்கத்துச் செல் பிரிந்து, செத்த செல்லின் இடத்தையும் வேலையையும் ஏற்கிறது. முற்றிய கட்டைக்கு அது முடியாது.

கே: தென்னையில் ஏறப் படி வெட்டினோம். எப்போது மூடும்?

ப: மூடாது. தென்னைக்குக் கேம்பியமே இல்லை. மரம் உள்ளவரை வெட்டும் இருக்கும், வாசம் பிடித்துச் சிவப்புக் கூன்வண்டும் வரும். தயவுசெய்து படி வெட்டாதீர்கள்.

கே: வெட்டில் மஞ்சள் குழைத்துப் பூசினால்?

ப: எதையும் பூச வேண்டாம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கே: முருங்கையில் பூ உதிர்கிறது.

ப: அது காயம் இல்லை. வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

கே: ஆடு மாங்கன்றின் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிட்டது. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. பிழைக்குமா?

ப: பச்சையை நம்பாதீர்கள். உள்கட்டை வழியாக இன்னும் தண்ணீர் ஏறுகிறது, அவ்வளவுதான். இலை செய்யும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். அந்த வழி அறுந்துவிட்டது. அதே மரத்தின் இளங்குச்சிகளைக் காயத்துக்கு மேலும் கீழும் பட்டைக்குள் செருகி, பாலம் போல் ஒட்டுக் கட்டுங்கள். குச்சியின் நுனி மேல்பக்கம் இருக்கட்டும்.