வயலை அடகு வைக்க வேண்டாம், அண்ணாச்சி

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் பி.காம். முடித்துவிட்டாள். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தவறாமல் போகிறவள், காட்டுயிர்ப் பாதுகாப்பில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள். சென்னையிலிருக்கும் தாய்மாமன், "அப்படியென்றால் லண்டனில் முதுகலை படிக்கட்டும், வெளிநாட்டு நிறுவனங்கள் டாலரில் சம்பளம் கொடுக்கும்" என்று நெருக்குகிறாராம். வயலை வைத்துக் கடன் வாங்கலாமா?

பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் அண்ணாச்சி, அவள் தெளிவாக இருக்கிறாள். ஆனால் வயலை வைக்காதீர்கள்.

கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் முப்பது லட்சத்தைத் தாண்டிவிடும். டாலர் வேலைக்கு யார் பொறுப்பு? பல நாடுகளில் காட்டுயிர்த் திட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025-இல் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த வேலைகளும் போயின. வளரும் நாடுகளின் பல்லுயிர்ப் பாதுகாப்புக்கு 2030-க்குள் ஆண்டுக்கு 3,000 கோடி டாலர் திரட்டுவதென்று 2022-இல் மாண்ட்ரியலில் நடந்த ஐ.நா. மாநாட்டில் நாடுகள் இலக்கு வைத்தன. இலக்கு வேறு, கைக்கு வரும் பணம் வேறு. இதை மாமாவிடம் சொல்லுங்கள்.

வனவியல், காட்டுயிரியல் படிப்புகளை விட்டுவிடுகிறேன். பி.காம். மட்டும் படித்தவர் இந்திய வனப்பணித் தேர்வும் எழுத முடியாது. அவள் படித்த படிப்புக்கே இந்தத் துறையில் ஓர் இடம் இருக்கிறது: திட்டங்களின் நிதியை நிர்வகிக்கும் வேலை.

உங்கள் ஊர்ப்பக்கமே இதற்குச் சாட்சி. 1990-களில் உலக வங்கி நிதியில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அடிவாரத்தில் கிராம வனக்குழுக்கள் அமைத்து, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வேறு பிழைப்புக்குக் கடன் கொடுத்தார்கள். அப்புறம் சி.இ.பி.எஃப். என்ற பன்னாட்டு நிதியம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நிதி ஒதுக்கியது. அதை இங்கே ஒருங்கிணைத்தது பெங்களூருவில் இருக்கும் ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனம். மணிமுத்தாற்றில் அவர்களுக்கு ஒரு மையமும் உண்டு.

இப்படிப் பணம் வரும் இடத்திலெல்லாம் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-இல் திருத்தியபின் வேலை இன்னும் கடினம். பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். அதில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு கூடாது. இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஒவ்வொரு ஆண்டும் எஃப்.சி.-4 என்ற கணக்கறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். பறவை ஆய்வாளருக்கு ஜீப் வாடகை எந்தத் தலைப்பில் வரும் என்று தெரியாது. காட்டுக்குள் வழிகாட்டிய காணிப் பழங்குடி மக்களில் ஒருவருக்குக் கூலி கொடுத்தால் என்ன வவுச்சர் எழுதுவது, டாலர் மதிப்பு இறங்கினால் பட்ஜெட்டில் எதைக் குறைப்பது, தணிக்கையில் கேட்டால் என்ன காட்டுவது? இதில் தவறினால் அமைப்பின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவே ரத்தாகலாம், நல்ல திட்டம் பாதியில் நிற்கும். காட்டையும் கணக்கையும் சேர்த்துப் புரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகளுக்கு இரண்டும் பிடிக்கும்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். கடனில்லாத பிள்ளை இதைத் தாங்குவாள், முப்பது லட்சம் தலையில் இருந்தால் தாங்கமாட்டாள். கணக்குதான் என்றால் வங்கித் தேர்வு எழுதட்டுமே என்று மைனி கேட்பார்கள். வேண்டாம். இத்தனை ஆண்டுகளாகக் குளக்கரையில் நின்றவளை அதற்குத் தள்ளாதீர்கள்.

பாளையங்கோட்டையில் அறக்கட்டளைக் கணக்குகள் பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் ஓராண்டு சேரட்டும். சி.இ.பி.எஃப். தன் திட்டங்களின் இறுதி அறிக்கைகளைப் பொதுவில் வைத்திருக்கிறது, சாயங்காலங்களில் அவற்றைப் படிக்கட்டும். ஆடிட்டரைப் பார்க்க நீங்களும் கூடப் போங்கள். சம்பளத்தைப் பிறகு பேசலாம், வெளிநாட்டு நன்கொடைக் கணக்கு எத்தனை பார்க்கிறார் என்று முதலில் கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் அடுத்த ஆபீஸுக்குப் போய்விடுங்கள்.