ஜீப் ஹாரன் கேட்டதும் நடுங்கும் நாய்

கேள்வி: நான் கம்பத்தில் இருக்கிறேன். ஜூன் மாதம் முதல் வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன். காலை ஆறரைக்கு ஜீப் ஏறினால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்ப முடிகிறது. மகனும் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். எங்கள் நான்கு வயது நாட்டு நாய் மணி, நான் போனதும் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டுகிறது. வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது. அடித்தும் கட்டிப்போட்டும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: அடிப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். மணி உங்கள் மீது கோபப்பட்டு இவற்றைச் செய்யவில்லை. தனிமையில் அதற்கு உண்மையிலேயே பயம் பிடிக்கிறது. காலையில் செய்ததற்கு மாலையில் விழும் அடியின் காரணம் நாய்க்கு விளங்காது. நீங்கள் வரும் நேரமும் அஞ்ச வேண்டிய நேரம் என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். சங்கிலியும் வேண்டாம். பதற்றத்தில் இழுத்து நகம் பெயர்ந்த நாய்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

இது தனிமைப் பதற்றம்தானா என்று உறுதி செய்ய, பழைய கைப்பேசி ஒன்றை அலமாரியில் வைத்து, நீங்கள் கிளம்பிய பின் முதல் அரை மணி நேரத்தைப் பதிவு செய்யுங்கள். பதற்றம் உள்ள நாய் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே மூச்சிரைத்து, எச்சில் ஒழுக, வாசலுக்கும் சன்னலுக்குமாக அலையும். பிடித்த தின்பண்டம் அருகிலிருந்தாலும் தொடாது. தூங்கி எழுந்து பொழுது போகாமல் செருப்பைக் கடிக்கும் நாயின் சிக்கல் வேறு. நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் சிறுநீர் கசிந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். ஆள் இருக்கும்போதும் எச்சில் ஒழுகுதல், குரல் மாறுதல், உணவை விழுங்க முடியாமை ஆகியவை தெரிந்தால், வெறிநாய்க்கடி நோயாக இருக்கக்கூடும் என்பதால் நாயைத் தொடாமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தடுப்பூசிச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள்.

இனி பயிற்சி. நீங்கள் கதவைப் பூட்டுவதற்கு வெகு முன்பே, தெருமுனையில் ஜீப் ஹாரன் ஒலிக்கும்போதே, நீங்கள் டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைக்கும்போதே, மணிக்குப் பயம் தொடங்கியிருக்கும். ஆகவே ஹாரன் ஒலியைப் பதிவு செய்து, விடுமுறை நாளில் மெல்லிய ஒலியில் பல முறை ஒலிக்கவிட்டு, எங்கும் போகாமல் காய் நறுக்கிக்கொண்டிருங்கள். பையைத் தோளில் மாட்டி, பிறகு கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். இந்த அறிகுறிகளை மணி பொருட்படுத்தாத நிலை வந்த பின்னரே வாசலைத் தாண்டுங்கள்.

முதலில் ஐந்து நொடி வெளியே நின்றால் போதும். அது அமைதியாக இருக்கும்போதே திரும்பி வந்து, பிறகு பத்து நொடி, அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். பதற்றம் தெரிந்த நாளில் முந்தைய அளவுக்கே இறங்கிவிடுங்கள். இட்லித் தட்டின் குழிகளில் தயிர்சாதத்தை அப்பிக் கொடுத்தால் நக்கிக்கொண்டிருக்கும். அதை நக்காமல் விட்டால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

பயிற்சி நடக்கும் வாரங்களில் மணியைப் பதினொரு மணி நேரம் தனியே விட்டால், மாலையில் கற்பித்தது மறுநாள் காலையிலேயே அழிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டியோ உறவினரோ பகலில் அதை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கைச்செலவுக்கு ஏதாவது கொடுத்தாவது ஏற்பாடு செய்யுங்கள். இன்னொரு நாயை வாங்குவது பெரும்பாலும் உதவாது, ஏனெனில் மணி தேடுவது உங்களைத்தான்.

சில வாரங்களில் மாற்றம் இல்லாவிட்டால், அந்தப் பதிவோடு அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கோ தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போங்கள். ஃப்ளூவாக்ஸெடின், க்ளோமிப்ரமின் போன்ற மருந்துகள் இந்தப் பதற்றத்துக்குப் பயன்படுகின்றன. அவை வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும், பயிற்சியும் உடன் நடக்க வேண்டும். வீட்டிலிருக்கும் மனிதத் தூக்க மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அதன் அளவு வேறு, ஆபத்தும் வேறு.