திருநெல்வேலியில் இரண்டு பேர் மட்டும் உள்ள வீடு: எதைக் கடையில் சாப்பிடுவது, எதை வீட்டில் செய்வது?

நீங்கள் கேட்டது இதுதான்: கல்யாணமாகி பாளையங்கோட்டையில் குடியேறியிருக்கிறீர்கள், வீட்டில் இரண்டே பேர், பெரிய ஹோட்டல் நாட்டம் இல்லை. இந்த ஊர்ச் சாப்பாட்டில் எது கடைக்கு, எது வீட்டுக்கு, இரண்டு பேருக்கு அளவு எவ்வளவு?

ஒரே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அண்டா அளவில் செய்தால்தான் ருசிக்கிற பண்டத்துக்குக் கடைக்குப் போங்கள். இறக்கிய அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய பண்டத்தை வீட்டில் செய்யுங்கள். அல்வாவும் புரோட்டாவும் முதல் வகை. சொதியும் உளுந்தம்பருப்புச் சோறும் இரண்டாவது. இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் திருநெல்வேலிச் சாப்பாடு பேர் பெத்த அளவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

முதலில் சொதி. சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பந்தியில் சொதி வைப்பது வழக்கம். மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பேர். தேங்காய்ப்பால் குழம்பு என்பதால் அடுப்பில் காத்திருக்காது. கடையில் பன்னிரண்டு மணிக்கு இறக்கியதை மூன்று மணி வரை சூடாக வைத்திருக்க வேண்டும். அந்தச் சூட்டில் பால் பிரியும். பிரியாமல் இருக்க ஏதாவது மாவைக் கரைத்துவிட வேண்டியிருக்கும், அதோடு சொதியின் வாசம் போயிற்று. இரண்டு பேருக்குச் செய்கிற வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை.

அளவு, இரண்டு பேருக்கு ஒரு நேரத்துக்கு: நடுத்தரத் தேங்காய் ஒன்று, முழுதாக. அரை மூடியில் முடித்துவிடலாம் என்று பார்த்தால் அது காய்கறிக் கூட்டாகத்தான் வரும். துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். முதல் பால் முக்கால் டம்ளர், இரண்டாம் பால் ஒரு டம்ளர், மூன்றாம் பால் ஒரு டம்ளர், மூன்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும். பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, வாசம் வர வறுத்து, குழைய வேகவைத்து மசித்தது. முருங்கைக்காய் ஒன்று, கேரட் ஒன்று, உருளைக்கிழங்கு ஒன்று, பீன்ஸ் எட்டு, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி. சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், இரண்டையும் முழுசாகவே போடுங்கள். பச்சை மிளகாய் நாலும் ஒரு விரற்கடை இஞ்சியும் சேர்த்து அரைத்த விழுது. எலுமிச்சம்பழம் அரை மூடி.

நெய்யில் வெங்காயம், பூண்டை வதக்கி, விழுதைப் போட்டுப் பச்சை வாசம் போனதும் காய்களைப் போடுங்கள். மூன்றாம் பாலும் உப்பும் சேர்த்து வேகவிடுங்கள். உருளைக்கிழங்கு வெந்ததும் மசித்த பருப்பு, அடுத்து இரண்டாம் பால், ஒரே ஒரு கொதி. இனி தீயை முடிந்த மட்டும் தணித்து முதல் பாலை விட வேண்டும். இந்த இடத்தில் கண்ணை எடுக்கக் கூடாது. சட்டியின் ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டும், நடுவில் இன்னும் அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். நடுவிலும் குமிழ் வந்துவிட்டால் தாமதம்தான். எண்ணெய் மேலே திட்டுத்திட்டாக மிதந்து, அடியில் திரி திரியாகப் பால் நிற்கும். அதை மறுபடி சேர்க்க வழியே கிடையாது. பருப்பு வெறும் கெட்டிக்காக மட்டும் இல்லை, பாலைப் பிரியாமல் பிடித்து நிறுத்துவதும் அதுதான். அதனால் பருப்பைக் குறைக்காதீர்கள்.

எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் இருக்கும்போது பிழிவதுதான் அதிகம் பேர் செய்கிற தவறு. இறக்கி, சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, ஐந்து நிமிஷம் ஆறவிட்டுப் பிழியுங்கள். மஞ்சள்பொடி வேண்டாம். பருப்பின் நிறமே போதும்.

தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குக் காரக்கறியும் அவசியம். இது அலங்காரத்துக்கு இல்லை. ஒரு தேங்காயின் பால் முழுதும் இரண்டு வயிற்றுக்குள் போகிறது, இஞ்சி இல்லாவிட்டால் சாயங்காலம் வரை நெஞ்சில் நிற்கும். ஐம்பது கிராம் இஞ்சியைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் சுருள வதக்கி, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து விட்டு, இரண்டு மிளகாய் வற்றல், உப்பு, சின்னத் துண்டு வெல்லம் சேர்த்து வற்றவிட்டால் இரண்டு பேருக்குத் தாராளம். இரவுக்குச் சொதியை எடுத்து வைக்காதீர்கள்.

உளுந்தம்பருப்புச் சோறு இதைவிட எளிது, வேலைக்குப் போகிற இரண்டு பேருக்கு வாரத்தில் ஒரு நாள் ஒரே குக்கரில் முடிந்துவிடும். அரிசி ஒரு டம்ளர் என்றால், தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து அரை டம்ளர். வெள்ளை உளுந்தில் இந்தச் சோறு வராது. வாசமும் நிறமும் தோலில்தான் இருக்கிறது. வெறும் சட்டியில் உளுந்தைச் சிறுதீயில் வறுக்க வேண்டும். உடைந்த பக்கத்து வெள்ளை லேசாகச் சிவந்து, வாசம் அடுத்த அறைக்கு எட்டும்போது இறக்குங்கள். அரைகுறையாக வறுத்தால் சோறு கொழகொழவென்று ஆகும், நல்ல சமையல்காரரும் இங்கேதான் சறுக்குவார். வறுத்த உளுந்து, அரிசி, பத்துப் பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். நாலு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கட்டும். பழைய அரிசியாக இருந்தால் இன்னும் அரை டம்ளர் தண்ணீர் பிடிக்கும்.

இதற்கு எள்ளுத் துவையல் சேர்ந்தால்தான் முழுமை. கறுப்பு எள் மூன்று மேசைக்கரண்டி. வறுக்கும்போது படபடவென்று வெடிக்கும், வெடிப்பு அடங்கும் தறுவாயில் வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் சட்டிச் சூட்டில் கருகிக் கசக்கும். எள் கறுப்பு என்பதால் கருகியது கண்ணுக்குத் தெரியாது, காதையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும். நன்றாக ஆறிய பிறகு நாலு மிளகாய் வற்றல், புளி, தேங்காய், உப்போடு கெட்டியாக அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் கக்கி உருண்டைகட்டும். சோற்றில் குழி பண்ணி நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுங்கள். அசைவம் சாப்பிடுகிற வீட்டில் கோழிக்குழம்பு ஊற்றிக்கொள்வார்கள், அதுவும் நன்றாகப் பொருந்தும்.

காப்பி விஷயம் ஒன்று. கருப்பட்டிக் காப்பி போடும்போது பாலில் கருப்பட்டியைப் போட்டுக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். இரண்டு டம்ளருக்கு எலுமிச்சை அளவு கருப்பட்டியைத் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, வடிகட்டுங்கள். வடிகட்டியில் மணலும் பனந்தூசியும் நிற்பதைப் பார்ப்பீர்கள். வடித்த பாகில் காப்பித்தூளைப் போட்டு இறக்கி, தனியாகக் காய்ச்சிய பாலை டம்ளரில் கலந்துகொள்ளுங்கள். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. உடைத்த இடத்தில் சீனி போல மினுமினுத்தால் வாங்காதீர்கள்.

இனி கடை. புரோட்டாவை வீட்டில் செய்யாதீர்கள் என்று சொல்லக் காரணம் மைதா இல்லை, கல். கடையின் கல் அகலமும் கனமும் உள்ளது, இருபது புரோட்டா விழுந்தாலும் சூடு இறங்காது. வீட்டுத் தோசைக்கல்லில் இரண்டாவது புரோட்டாவுக்கே சூடு தடுமாறும். வெளியே காய்ந்து உள்ளே மாவாக நிற்கும். சால்னாவும் அப்படித்தான். பெரிய சட்டியில் எலும்பும் கறியும் நாள் முழுக்கக் கொதித்து இறங்கிய சாறு இரண்டு பேர் குக்கரில் வராது.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். வெந்த புரோட்டாவில் நாலைந்தை அடுக்கி, மாஸ்டர் இரண்டு கையாலும் பக்கவாட்டில் சேர்த்து அடிப்பார். அந்த அடியில்தான் அடுக்கு பிரிந்து பஞ்சாகும். அடிக்காமல் தட்டில் எடுத்து வைக்கிற கடையில் வேறு எதையாவது சாப்பிட்டுக்கொள்ளலாம். ஏழரை மணிக்கு மேல் போங்கள், சாயங்காலம் போட்டு வைத்தது தீர்ந்து புதிது விழும் நேரம் அது. டவுன், ஜங்ஷன் கடைகளில் ஆளுக்கு இரண்டு புரோட்டா, இருவருக்கும் பொதுவாக ஒரு கறியோ ஆம்லெட்டோ போதும். கொத்துப் புரோட்டா என்றால் ஒரு பிளேட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம்.

பார்சல் வாங்கினால் தப்பு ஒன்று எப்போதும் நடக்கும். சூட்டோடு இலையில் மடித்து பாலித்தீனில் இறுக்கினால் ஆவி வெளியேறாமல் அடுக்கெல்லாம் ஒட்டிப்போகும். "அண்ணாச்சி, சால்னாவைத் தனியாக் கட்டுங்க, புரோட்டாவைப் பேப்பர்ல மட்டும் மடிங்க" என்று சொல்லிவிடுங்கள், செய்து தருவார்கள்.

குற்றாலம் போகிற அன்று செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர் பார்டரில் சாப்பிடுங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்தப் பழைய எல்லைதான் "பார்டர்" என்று நின்றுவிட்டது. இப்போது அது தென்காசி மாவட்டம். அங்கே புரோட்டா உள்ளங்கை அகலம்தான், மெத்தென்று இருக்கும், ஆளுக்கு நாலு சொல்லலாம். கூட நாட்டுக்கோழி வறுவல் ஒன்று. சாரல் காலத்துச் சனி, ஞாயிறு மதியம் இடம் கிடைப்பது கஷ்டம். பன்னிரண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஆளுக்கு ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். பார்சல் சாப்பாடு பல கடைகளில் தாராளமாகக் கட்டுவார்கள். வீட்டில் அரை டம்ளர் அரிசி மட்டும் வடித்துக்கொண்டால் ஒரு பார்சல் இரண்டு பேருக்குக் காணும்.

அல்வாவுக்கு வருவோம். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, தெளியவைத்து, மேல்தண்ணீரை இறுத்து, சீனிப்பாகில் ஊற்றி, நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. நூறு கிராம் கோதுமையில் இதைச் செய்தால் பால் முழுதாக வேகும் முன்பே தண்ணீர் வற்றி அடி பிடித்துவிடும். பெரிய சட்டியில்தான் மெதுவாக வெந்து கண்ணாடி போல ஆகும். நெய்யைக் கக்கத் தொடங்கும்போது இறக்குவார்கள்.

நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், வரிசை அதற்கு முன்பே நிற்கும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் கோவிலுக்குள் போய்க் காந்திமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரலாம். சாப்பிடுவதற்கென்று தனியாக நூறு கிராம் சூடாக வாங்குங்கள், இரண்டு பேருக்கு அதுவே நிறைவு. விரலால் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், மெல்ல வேண்டிய வேலை இருக்கக் கூடாது. தித்திப்பு திகட்டினால் ஒரு கை மிக்சர். ஊருக்கு அனுப்புவதைத் தனிப் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அல்வாவை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். நெய் உறைந்து ரப்பர் மாதிரி ஆகிவிடும். வெளியிலேயே நாலைந்து நாள் தாங்கும். மறுநாள் சாப்பிடும்போது கிண்ணத்தில் போட்டு, இட்லிச் சட்டியில் மூன்று நிமிஷம் ஆவி காட்டினால் பழைய இளக்கம் வரும். நேராகத் தீயில் வைத்துச் சூடு பண்ணினால் சீனி கருகும்.

கடையிலும் வீட்டிலும் சேராத ஒன்று பாக்கி இருக்கிறது: பதநீர். பங்குனியிலிருந்து வெயில் காலம் முழுக்கத் திருச்செந்தூர் சாலையிலும் திசையன்விளைப் பக்கமும் ரோட்டோரத்தில் விற்பார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் புளிக்காமல் நிற்கிறது, அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். காலை பத்து மணிக்கு முன்னால் குடித்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் வாங்க வேண்டாம். நல்ல பதநீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்காது, லேசாகக் கலங்கி, சுண்ணாம்பு வாசம் எட்டிப்பார்க்கும். குடித்த பிறகும் நாக்கில் தித்திப்பு கனமாக ஒட்டிக்கொண்டே இருந்தால் சாக்கரின் கலந்தது. பிளாஸ்டிக் டம்ளர் நீட்டினால் "பட்டையிலே குடுங்க" என்று கேளுங்கள். பனையோலைப் பட்டையைக் கீழே வைக்க முடியாது, இரண்டு கையும் வேண்டும். அதனால் இரண்டு பேருக்கும் ஒரே பட்டை வாங்கி, ஒருவர் ஏந்திக்கொள்ள மற்றவர் நுங்கைத் தோண்டி அதில் போடட்டும், மூன்று கண்ணுள்ள காய் இரண்டு போதும். நுங்கை விரலால் அழுத்தினால் தளதளவென்று அமுங்க வேண்டும். கெட்டியாக நின்றால் முற்றியது, மாற்றித் தரச் சொல்லுங்கள்.