ஹோம்ஸ் வரிசையில் ‘டெரர் பை நைட்’ ஒதுக்க வேண்டிய படமா?

கேள்வி: குன்னூரில் எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு பழைய துப்பறியும் படம் போடுகிறோம். பேசில் ராத்போன் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த ‘டெரர் பை நைட்’ போடலாம் என்றால், “ரயிலுக்குள்ளேயே சுற்றும் குட்டிப் படம், வில்லனும் சட்டென்று தெரிந்துவிடும்” என்கிறார்கள். போடலாமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள். வில்லன் யார் என்பதைக் கீழே உடைத்துச் சொல்லியிருக்கிறேன். போடப்போகிற நீங்கள் படிக்கலாம், பார்க்கப்போகிறவர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ராத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் வாட்சனாகவும் நடித்த படங்கள் மொத்தம் 14. முதல் இரண்டு 1939இல் ஃபாக்ஸ் எடுத்தவை. 1942 முதல் 1946 வரை யுனிவர்சல் 12 எடுத்தது, அதில் 11 படங்களுக்கு இயக்குநர் ராய் வில்லியம் நீல். 1946இல் வந்த இந்தப் படம் கடைசிக்கு முந்தையது, ஓடுவது 60 நிமிடம். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகும் இரவு ரயிலில் ‘ஸ்டார் ஆஃப் ரொடீஷியா’ என்ற வைரம் போகிறது. காவலுக்கு ஹோம்ஸ், கூடவே இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட். வைரத்துக்குச் சொந்தக்காரியின் மகன் கொல்லப்படுகிறான், வைரம் காணாமல் போகிறது.

வில்லன் தெரிந்துவிடும் என்பது உண்மைதான். வாட்சனின் பழைய நண்பராக வரும் மேஜர் டங்கன்-பிளீக்தான் ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டியின் கூட்டாளியான கர்னல் செபாஸ்டியன் மோரன். இரண்டு துப்பறியும் படம் பார்த்தவர் பாதியிலேயே பிடித்துவிடுவார். (ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் கதையில் இந்த மோரன் ‘பெங்களூர் பயனியர்ஸ்’ படையில் இருந்த புலி வேட்டைக்காரர். நம் மலைப்பக்கம் வெயிலுக்கு ஒதுங்கிய கர்னல்களின் ஜாதி.) அந்த வேடத்தில் நடித்த ஆலன் மோப்ரே, 1933இல் வேறொரு ஹோம்ஸ் படத்தில் லெஸ்ட்ரேடாக நடித்தவர் என்பது ஒரு வேடிக்கை.

ஆனால் ‘யார்’ என்பது இந்தப் படத்துக்கு முக்கியமே இல்லை. வைரம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதுதான் ஆட்டம். விரல் விட்டு எண்ணிக்கொண்டே பாருங்கள். ஆரம்பத்தில் வைரத்தை வாங்கிப் பார்க்கிற சாக்கில் ஹோம்ஸ் அசலை எடுத்துக்கொண்டு போலியைத் திருப்பித் தருகிறார். ஆக, கொலைக்குப் பிறகு திருடு போவது போலி. அசல் பத்திரமாக இருக்கட்டும் என்று லெஸ்ட்ரேடிடம் போகிறது. லெஸ்ட்ரேட் அடிபட்டு விழ, அது மோரனிடம் போகிறது. வழியில் ஏறும் இன்ஸ்பெக்டர் மெக்டொனால்ட் மோரனிடமிருந்து அதை எடுக்கிறார். அப்போது நடக்கும் கைகலப்பில் அது சத்தமில்லாமல் மறுபடி ஹோம்ஸிடம் வந்துவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் இத்தனை கை மாற்றம், ஒன்றுகூடக் குழப்பாது. எழுதியவர் ஃபிராங்க் குரூபர். ரயிலில் ஆள் ஒளிந்து வர உதவும் இரண்டு அடுக்குள்ள சவப்பெட்டியை ஒரு டாயில் கதையிலிருந்தும் மோரனை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கோத்திருக்கிறார்.

இரண்டாவது பலம் இடம். பக்கவாட்டில் ஒடுங்கிய நடைவழி, அதை ஒட்டி வரிசையாகக் கதவு வைத்த அறைகள், சாப்பாட்டுப் பெட்டி, சவப்பெட்டி கிடக்கும் சாமான் பெட்டி. கிட்டத்தட்ட மொத்தக் கதையும் இந்த நாலுக்குள். நம் நீலகிரி மலை ரயிலை மட்டும் மனதில் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. அங்கே ஓடும்போது ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போக வழி கிடையாது, இந்தக் கொலையைச் செய்யவே முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னை போகும் நீலகிரி எக்ஸ்பிரஸின் முதல் வகுப்பு ஏசி பெட்டியை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், சட்டென்று புரியும். ஹோம்ஸை யாரோ வெளியே தள்ளிவிட, ரயிலின் வெளிப்புறத்தைப் பிடித்துத் தொங்குகிறாரே, அந்தக் காட்சி இந்த ஒடுக்கத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. கல்லாறு, குன்னூர் இடையே பல்சக்கரப் பாதையில் தள்ளியிருந்தால் மனிதர் எழுந்து நடந்தே பிடித்திருப்பார்.

குறை இல்லாமல் இல்லை. வெளியே ரயில் ஓடும் காட்சிகள் அங்கங்கே கிடைத்த துண்டுகள். இன்ஜின் ஷாட்டுக்கு ஷாட் வேறாகத் தெரியும். ரயில் பிரியர் யாராவது கூட்டத்தில் இருந்தால் முணுமுணுப்பார், விட்டுவிடுங்கள். வாட்சனைக் கோமாளியாக்குகிறார்கள் என்ற பழைய புகாருக்கும் இடம் உண்டு. ஆனால் அவர் ரயிலில் வரும் கணிதப் பேராசிரியரை விசாரிக்கப் போய், கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் வாட்சனைக் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பிக்கும் காட்சி இந்த வரிசையிலேயே நல்ல நகைச்சுவை. தேநீர்க் கெண்டி திருடிய தம்பதியும் சேர்த்திதான்.

இந்தப் படத்துக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்ததில் பாதிப் பங்கு பிரிண்டுக்கு. காப்புரிமை காலாவதியானதால் இணையத்தில் கண்ட பிரதியும் கிடக்கிறது. மங்கலான பிரதியில் சாமான் பெட்டிக் காட்சிகள் வெறும் இருட்டாகிவிடும். சவப்பெட்டியின் ரகசிய அறை தெரியாவிட்டால் கதையின் மூட்டே கழன்றுவிடும். முன்கூட்டி அந்த இடத்துக்கு ஓட்டிப் பாருங்கள்: பெட்டியின் விளிம்பு தெரிந்தால் பிரதி தேறும். அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத் திரைப்பட ஆவணக் காப்பகம் சீர்செய்த பதிப்பு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். வண்ணம் ஏற்றிய பதிப்பு வேண்டாம், நிழலெல்லாம் சப்பையாகிவிடும்.

டிவியில் படத்தை அகலத்துக்கு இழுக்காதீர்கள். 43 அங்குல டிவியில் 4:3 (அகலம் 4, உயரம் 3) அளவிலான இந்தப் படம் சுமார் 71 சென்டிமீட்டர் அகலம்தான் வரும், இரு பக்கமும் 12 சென்டிமீட்டர் அளவுக்குக் கறுப்புப் பட்டை நிற்கும். நிற்கட்டும். இழுத்தால் அந்த ஒடுங்கிய நடைவழி கல்யாண மண்டப வராந்தா ஆகிவிடும். ‘ஸூம்’ போட்டால் உயரத்தில் கால்வாசி வெட்டுப்படும். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள்.

வசனத்துக்குப் பின்னால் சக்கரச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். தகரக் கூரையில் மழையும் சேர்ந்தால் ஒன்றும் காதில் விழாது. ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே வைக்காமல் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு ஏற்றுங்கள், கனத்த ஒலியை (பேஸ்) குறையுங்கள், ஆங்கில சப்டைட்டிலையும் போட்டுவிடுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தில் டீ கொடுக்க யாரும் எழுந்திருக்கக் கூடாது. மெக்டொனால்ட் போலி போலீஸ் என்பது ஹோம்ஸுக்குத் தெரியும். கைதியாக இறக்கிக் கொண்டுபோகப்படுவது மோரன் இல்லை, லெஸ்ட்ரேட். அசல் மோரன் விலங்கோடு மேஜைக்கடியில் கிடக்கிறார். அதை வாட்சனுக்கு ஹோம்ஸ் விளக்குவது ரயில் கிளம்பிய பிறகுதான், அதுவும் இரண்டொரு வாக்கியத்தில்.