ரைபிள் குழலை மாற்றித் தர உற்பத்தியாளர் ஏன் இத்தனை மாதம் எடுத்துக்கொள்கிறார்? உள்ளூர்ப் பட்டறையில் மாட்டிக்கொள்ளக் கூடாதா?

கூடாது. பதினொரு மாதம் காத்திருந்த வீட்டிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் சுங்கை சிப்புட். அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. காட்டுப்பன்றிக்காக உரிமம் வாங்கி 12 போர் (bore) அளவு இரட்டைக்குழல் மடக்குத் துப்பாக்கி ஒன்றும் வைத்திருக்கிறார். மறுநடவுக் கன்று என்றால் பன்றிக்கு உயிர். குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டால் கன்று போனதுதான். ஒருநாள் அப்பா சுட்டபோது இடது குழல் முனைப்பக்கம் வீங்கிவிட்டது. உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்திருக்கிறது. அப்பா கையில் ஒரு கீறல்கூட இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

லேத் பட்டறை அண்ணன், "வேற குழல் இருந்தா கொண்டா தம்பி, அரைநாள்ல மாட்டித் தர்றேன்" என்றார். நல்ல மனிதர், டிராக்டர் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இது வேறு வேலை. குழலின் பின்முகம் துப்பாக்கியின் உடல்முகத்தோடு துளி இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார வேண்டும். அதற்காக விளக்குப் புகைக்கரியைப் பூசி மூடுவார்கள், திறப்பார்கள், எங்கே உரசுகிறது என்று கரித்தடம் காட்டும் இடத்தை மட்டும் அரத்தால் தேய்ப்பார்கள். மறுபடி பூசி, மறுபடி மூடி... பொருந்தும்வரை இதேதான். அதனால் குழலை மட்டும் அனுப்பிப் பயனில்லை, முழுத் துப்பாக்கியும் போக வேண்டும்.

உங்களுடைய ரைபிளில் குழல் மரையில் இறங்கும். ஆனால் தோட்டா உட்காரும் அறைக்கும், அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளியை அளவுக்கட்டை வைத்துப் பார்த்துத்தான் விடுவார்கள். அது கூடிப்போனால் பித்தளைக் கூடு கிழியும். சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கித்தான் வரும்.

எங்கள் துப்பாக்கி போனது வட இத்தாலிக்கு. அங்கே குழல் மாற்றிய துப்பாக்கியை அப்படியே திருப்பித் தர முடியாது. கார்டோனே வால் ட்ரோம்பியாவில் உள்ள அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைக்குப் போக வேண்டும். சாதாரணத் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தத்தைவிடக் கால்பங்கு கூடுதலாக வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். அந்த வரிசைக்கும் நாள் பிடிக்கும்.

இங்கே நம் பக்கத்துத் தாமதமும் உண்டு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குழலும் ஆயுதம்தான். அனுப்பவும் திரும்பக் கொண்டுவரவும் போலீஸ் அனுமதி வேண்டும். உரிமம் இல்லாமல் குழல் செய்து கொடுப்பதும் குற்றம். அந்த அண்ணனை அதில் இழுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது தாமதத்தால் இல்லை, உற்பத்தியாளர் பதில் போடாமல் இருந்ததால். நான்கு மாதம் ஒரு வார்த்தை இல்லை. நடுவில் உரிமம் புதுப்பிக்கும் நாள் வேறு வந்துவிட்டது. துப்பாக்கி எங்கே என்று போலீஸில் கேட்டார்கள். டீலர் கொடுத்த ஒப்படைப்புச் சீட்டும் ஏற்றுமதி அனுமதியின் நகலும் கையில் இருந்ததால் தப்பித்தோம். நீங்களும் இரண்டையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், "எப்போது வரும்" என்று கேட்காதீர்கள். "குழல் பொருத்தியாயிற்றா, சோதனைக்குப் போயிற்றா" என்று கேளுங்கள். எங்களுக்கு அப்படிக் கேட்ட பிறகுதான் ஒழுங்கான பதில் வந்தது.

அதுவரை அப்பாவும் நானும் ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கம்பிவலை கட்டினோம். முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை, முப்பது கன்றுக்கு மேல் போயிற்று.

துப்பாக்கி வந்த அன்று அப்பா அதை மூடி, சேரும் இடத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் கசியவில்லை. புது முத்திரையைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். இப்போதெல்லாம் வெளியே எடுத்ததும் முதலில் குழல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் தோட்டா போடுகிறார்.